தானே விழுந்தவர்

என் வலது மேற்கைக்குள் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணியிருக்கிறேன். அவை அங்கே வந்து சேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்று முடிவாக இரண்டேகால் வருடம் ஆனது. இடித்தவர் மறுப்பதால்தான் இந்த மாதிரி வழக்குகள் இழுத்துக்கொண்டு போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வழக்கில் இடித்தவர் முதல் நாளிலிருந்தே, “நான்தான் இடித்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னது நான்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் வழியில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் துணி தேய்க்கிறேன். நான்கு சக்கரத் தள்ளுவண்டி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, மேலே நீலத் தார்ப்பாய். பதினாறு வருடமாக அதே இடம். எந்த மூட்டை எந்த வீட்டினுடையது என்று, கட்டி வரும் பழைய பெட்ஷீட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மயில் போட்டது முதல் மாடி டீச்சருடையது. பச்சைக் கோடு போட்டது இரண்டாம் மாடி ரயில்வே சாருடையது. ஆட்களின் முகத்தை அந்த அளவுக்குப் பார்த்ததில்லை. துணியைக் கொடுத்துவிட்டு “வரேங்க” என்பேன். சிலரிடம் அதுவும் சொல்லாமல் வந்துவிடுவேன்.

டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையைச் சனிக்கிழமை மாலையே தனியாகக் கொண்டுவந்து கொடுப்பார். “அண்ணா, இது மட்டும் கொஞ்சம் பாத்து” என்பார். பதினாறு வருடமும் பார்த்துத்தான் தேய்த்தேன்.

ரயில்வே சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பு சங்கத்துக்கு ஒரு புகார் நோட்டு உண்டு. வாட்ச்மேன் அறை ஆணியில், நூலில் கட்டிய பேனாவோடு தொங்கும். குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். நோட்டில் பெரும்பாலும் ஒரே கையெழுத்து. மோட்டார் சத்தம், புறாக்கள், மாடிப்படியில் கிடந்த பிஸ்கட் கவர் என்று எல்லாவற்றையும் அவர் தேதி, மணி போட்டு எழுதுவார். என் கரிப்புகை பற்றியும் நான்கு முறை எழுதியிருக்கிறார்.

குடியிருப்புக்குள் போக இரண்டு வழி. ஆட்களுக்கு ஒரு சின்னக் கேட், வண்டிகளுக்கு ஒரு சரிவு. சின்னக் கேட்டில் மூட்டையோடு நுழைந்தால் தாழ்ப்பாளில் பெட்ஷீட் மாட்டிக்கொள்ளும். அதனால் எப்போதும் சரிவு வழியாகவே போவேன். விபத்தன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. தேய்த்து முடித்த மூட்டையை வலது தோளில் வைத்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஏறினேன். வலது பக்கத்திலிருந்து யானை வந்தாலும் எனக்குத் தெரியாது. வந்தது டீச்சரின் ஸ்கூட்டர். பள்ளிக்கு நேரமாகிவிட்டது போல. ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இடித்த வேகத்தில் நான் சரிவின் சிமெண்ட் விளிம்பில் போய் விழுந்தேன். மூட்டை அவிழ்ந்தது. ஸ்கூட்டரின் முன்சக்கரம் ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் ஏறி நின்றது.

“ஐயோ, சட்டை” என்று சொன்னேன். கை ஒடிந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

டீச்சரே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் அழுதார். எனக்கு வலியைவிட அதுதான் சங்கடமாக இருந்தது. அவர் தோளில் மாட்டியிருந்த பையில் திருத்திய விடைத்தாள்கள் இருந்தன. கண்ணீரில் அவை நனைந்துவிடுமே என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்படிய்யா அடிபட்டுது?”

“நான்தான் டாக்டர், என் வண்டி…” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“நீங்க யாரும்மா? ஒய்ஃபா?”

“இல்ல, இவர் எங்க அப்பார்ட்மெண்ட்ல துணி அயர்ன் பண்றவர்.”

“பேஷண்ட் சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

டீச்சர் வெளியே போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். சுற்றிலும் எட்டுப் பத்துப் பேர் தங்கள் முறைக்காக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் காட்டி, இவர்தான் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? விரல் நீட்ட வேண்டிய கைதான் ஒடிந்தும் இருந்தது.

“நானே வுழுந்துட்டேன் சார்” என்றேன்.

“வண்டியிலருந்தா?”

“நடந்து வரச்சொல்லோ. மழை. வழுக்கிடுச்சி.”

டாக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். வலது கை வேலை செய்யாததால் இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன், தமிழில் கையெழுத்துப் போடுவேன். அதைச் சொல்லவும் அப்போது தோன்றவில்லை. விபத்துப் பதிவேட்டின் நகல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை என் மனைவி ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்தாள். எங்கள் வழக்கைக் கெடுக்கப் போகும் காகிதத்தை அவ்வளவு பத்திரமாக வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

எலும்பு மூன்று துண்டு. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பதினாறு நாள் வார்டில் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கை தோளுக்கு மேலே போகவில்லை. துணி தேய்ப்பதென்றால் பெட்டியை இழுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியை இடது கையாலும் இழுத்துவிடலாம். ஆனால் ஆறு கெஜம் சேலையை உதறி விரிக்க இரண்டு கையும் தலைக்கு மேலே போக வேண்டும். என் தொழிலில் பாதி சேலை.

டீச்சர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு பாக்கெட் பிரெட், நான்கு ஆரஞ்சு. விபத்து நடந்து ஐந்தாவதோ ஆறாவதோ வாரம் ஒரு விஷயம் சொன்னார்.

“அண்ணா, என் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. நான் யாரையாவது இடிச்சா, அடிபட்டவங்களுக்கு அந்தக் கம்பெனிதான் நஷ்டஈடு கொடுக்கணும். அதுக்கு நீங்க போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கணும்.”

“உங்க மேலயா?”

“ஆமா. என் மேல.”

“வேணாம் டீச்சர்.”

“உங்களுக்குச் சேர வேண்டியது அண்ணா. மூணாவது ஆளுக்கு அடிபட்டா கொடுக்கணும்னு சட்டமே இருக்கு.”

முதல் ஆள் யார், இரண்டாவது ஆள் யார் என்று கேட்டேன். முதலில் வண்டிக்காரராகிய அவர், இரண்டாவது கம்பெனி, மூன்றாவது நான் என்றார். என் கை விஷயத்தில் நான் மூன்றாவதாக வருவேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

மனைவி நடுவில் வந்தாள். அவள் அதே குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். “இன்னாயா வேணாம்? இடிச்சவங்களே வந்து கேஸ் போடுன்னு சொல்றாங்கோ. எந்த ஊர்ல கீது இந்த அதிசயம்? எந்திரி.”

நாற்பத்து மூன்றாவது நாள் காவல் நிலையம் போனோம். நான், மனைவி, என்னை இடித்த டீச்சர் மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில். எழுத்து வேலை பார்த்த காவலர் எங்களைப் பார்த்து, “இதுல எதிர்பார்ட்டி யாரு?” என்றார். டீச்சர் கையைத் தூக்கினார்.

“ஏன்யா இத்தன நாளு? அடிபட்ட அன்னிக்கே வர்றதுக்கு இன்னா?”

“கூச்சமா இருந்துச்சு சார்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கூச்சத்தை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சிகிச்சையில் இருந்ததால் தாமதம் என்று எழுதிக்கொண்டார். டீச்சர் மேல் வழக்குப் பதிவானது. பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் தவறை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். வெளியே வந்ததும், “வகுப்புல தப்பா கணக்குப் போட்டாகூட இவ்வளவு வெட்கமா இருந்ததில்ல அண்ணா” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார்.

வழக்கறிஞர் கூடுவாஞ்சேரிக்காரப் பெண். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் விபத்து வழக்குகள் நடத்துகிறவர். வேகமாகப் பேசுவார், பையில் எப்போதும் முறுக்கு வைத்திருப்பார். பிளாஸ்டிக் கவரிலிருந்து எல்லாக் காகிதங்களையும் எடுத்துப் பார்த்தவர், விபத்துப் பதிவேட்டு நகல் வந்ததும் நிறுத்தினார்.

“அண்ணா, இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“நடந்து வரும்போது தானே வழுக்கி விழுந்தார். அடிபட்டவரே சொன்னது. இப்படிப் போட்டிருக்கு.” தலையைப் பிடித்துக்கொண்டார். “இது ஒண்ணு போதும் அவங்களுக்கு.”

அப்படியே ஆனது. சில மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பதிலைத் தாக்கல் செய்தது. வழக்கறிஞர் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். மனுதாரர் தானே விழுந்தவர். நாற்பத்து மூன்று நாள் கழித்து ஒரு ஸ்கூட்டரைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஸ்கூட்டர்க்காரர் இவருடைய நீண்டநாள் வாடிக்கையாளர். இருவரும் கூட்டுச் சேர்ந்து கம்பெனியை ஏமாற்றப் பார்க்கிறார்கள். அபராதம் சின்னது, நஷ்டஈடு பெரியது என்பதால் அந்த அம்மாள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கேட்கக் கேட்க எனக்கே அது சரியாகத்தான் பட்டது. நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார்கள்.

“அண்ணா, நீங்க கூண்டுல ஏறி ஒரே ஒரு விஷயத்த தெளிவா சொல்லணும். டீச்சர் வண்டி என்னை இடிச்சுதுன்னு. அத நம்பினாத்தான் நஷ்டஈடு. நம்பலைன்னா உங்க கைக்கு யாரும் பொறுப்பில்ல. எங்க, இப்ப சொல்லுங்க.”

“வந்து… மழை பேஞ்சி வுட்டிருந்துச்சு…”

“மழைய விடுங்க.”

“டீச்சரு வந்தாங்கோ… நானு…”

வழக்கறிஞர் ஒரு முறுக்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மனைவி வீட்டில் பயிற்சி கொடுத்தாள். துப்பட்டாவைக் கறுப்பு அங்கி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலாக நிற்பாள். நான் சுவரோரம் நிற்க வேண்டும்.

“நீ அன்னிக்கி குடிச்சிருந்தியா?”

“நான் எப்பொ குடிச்சேன்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“இல்ல.”

“உன்ன யாரு இடிச்சாங்கோ?”

நான் தரையைப் பார்ப்பேன்.

“என்கிட்டயே சொல்ல மாட்றியே, ஜட்ஜாண்ட எப்படிச் சொல்லுவே? பதினெட்டு வருஷம் ஆச்சு கல்யாணம் ஆயி, இன்னும் என் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்த பேச வரல. இவனுக்குன்னு வந்து வாய்ச்சிது பாரு கேஸு.”

அதற்கு நடுவில் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டியிருந்தது. கை எவ்வளவு தூக்க வருகிறது என்று அளந்து இத்தனை சதவீதம் ஊனம் என்று சான்று தருவார்கள். வழக்கறிஞர் போகும் முன்பே சொல்லி அனுப்பினார், வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் முயற்சி செய்யக்கூடாது என்று. டாக்டர் வயதானவர். கோணம் அளக்கும் கருவியை என் தோளில் வைத்துக்கொண்டு, “தூக்குப்பா, எங்க, இன்னும் கொஞ்சம், சபாஷ்” என்றார். சபாஷ் என்று யாரும் எனக்குச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கருவியைப் பார்த்து அவர் ஒரு எண்ணை எழுதினார்.

வழக்கறிஞர் சான்றைப் பார்த்துவிட்டு, “முப்பதுக்குக் குறையாதுன்னு நெனச்சேன், இருபத்திரண்டு போட்டிருக்காரு. என்னண்ணா செஞ்சீங்க?” என்றார்.

“டாக்டர் பாத்துகினு இருந்தாரு மேடம்.”

“அதுக்கு?”

“சபாஷ்னு சொன்னாரு. தூக்காம வுட பாவமா இருந்துச்சு.”

வழக்கறிஞர் சான்றை மடித்து, பையில் முறுக்குக்கு அடியில் வைத்தார்.

கோடைக் காலத்தில் மறுபடியும் வண்டியைத் திறந்தேன். சட்டை, பேண்ட் மட்டும். சேலைகளை வாங்கவில்லை. இடது கையால் ஒரு சட்டைக்கு முன்பு ஆனதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆனது. முதல் நாளே ரயில்வே சார் கீழே இறங்கி வந்தார். பேச்சை அவரே தொடங்கினார்.

“என் சட்டை விஷயம் என்ன ஆச்சு?”

“சார், கை…”

“கை தெரியும்ப்பா. கைக்குக் கோர்ட்டு இருக்கு. சட்டைக்கு யாரு இருக்கா? நாலு சட்டை. மறுநாள் கல்யாணத்துக்குப் போட வச்சிருந்தது. மூணு சட்டைல சேறு, ஒண்ணுல டயர் அச்சு. எடுத்துட்டு வந்தது நீ. இடிச்சது அந்தம்மா. லயபிலிட்டி யாருது? சங்கத்துக்கு அன்னிக்கே எழுதிட்டேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.”

“நானே வேற எடுத்துக் குடுத்துட்றேன் சார்.”

“அதெப்படி? நீ தப்பு பண்ணேன்னு நிரூபிக்காம நான் எப்படி வாங்கிக்கறது? பதில் வரட்டும்.”

எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்குச் செங்கல்பட்டு போகும் ரயிலிலும் அதே யோசனை. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கி உட்கார இடம் கிடைத்தது, ஆனால் நான் நின்றுகொண்டே போனேன். நீதிமன்ற வராந்தாவில் வழக்கறிஞரைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

“மேடம், சட்டைக்கும் என் மேல கேஸ் வருமா?”

“எந்தச் சட்ட?”

முழுவதும் சொன்னேன். அவர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

“அன்னிக்கேவா எழுதினாரு? தேதி போட்டு?”

“மணியும் போடுவாரு.”

“இத ஏண்ணா ஒரு வருஷமா சொல்லல?”

“அது என் மேல புகாரு மேடம். அத எப்படி நானே…”

அன்று மாலையே அவர் என்னோடு தாம்பரம் வந்துவிட்டார். ஆணியிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். இருந்தது. ரயில்வே சாரின் சாய்ந்த எழுத்தில் இப்படி இருந்தது:

‘இன்று காலை 8.40 மணியளவில் முதல் மாடியில் வசிப்பவரின் ஸ்கூட்டர், வாகனச் சரிவில் இறங்கும்போது துணி தேய்ப்பவரை இடித்ததில், அவர் சுமந்துவந்த எனது வெள்ளை அரைக்கைச் சட்டைகள் நான்கும் சேற்றில் விழுந்தன. ஒன்றின் மேல் சக்கரம் ஏறியது. துணி தேய்ப்பவரும் விழுந்தார். இழப்புக்குப் பொறுப்பு யாருடையது என்பதைச் சங்கம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.’

கீழே அதே தேதியில் செயலாளர் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கும் கீழே, மறுநாள் தேதியில், தண்ணீர் லாரி தாமதம் என்று வேறொருவர் புகார். நடுவில் நுழைத்து எழுத இடமே இல்லை. நான் மருத்துவமனையில் பொய் சொல்லிக்கொண்டிருந்த அதே காலையில், வாட்ச்மேன் அறையில் உண்மை எழுதப்பட்டிருந்தது. எனக்காக இல்லை என்றாலும்.

ரயில்வே சார் சாட்சி சொல்ல உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. “சட்டையையும் கொண்டுவருவேன்.”

என் முறை முதலில் வந்தது. கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். கோட்டின் வலது காலர் மட்டும் சரியாகப் படியவில்லை. ஈரத்துணி போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் நிற்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மருத்துவமனைல டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“நானே வுழுந்தேன்னு சொன்னேன் சார்.”

“அது உண்மையா, பொய்யா?”

“பொய் சார்.”

“ஆக, வைத்தியம் பாக்கற டாக்டர்கிட்டயே பொய் சொல்லக்கூடியவர் நீங்க.”

“ஒரு வாட்டிதான் சார்.”

நீதிபதி நிமிர்ந்தார். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“கூச்சமா இருந்துச்சுங்க.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், அந்தப் பெண் தட்டினார். காவலரால் எழுத முடியாதது நீதிமன்றத்தில் எழுதப்பட்டுவிட்டது.

“சரி. அப்ப உண்மையில என்ன நடந்தது? இப்ப சொல்லுங்க” என்றார் நீதிபதி.

டீச்சர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை. வேறு எங்கோ தேய்த்தது, மடிப்பு கோணல். நான் அவரைப் பார்த்தேன். கரும்பலகை முன்னால் கணக்குத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல, சொல்லு என்று மெல்லத் தலையை அசைத்தார்.

“டீச்சர் வண்டிங்க.”

“வண்டி என்ன செஞ்சது?”

“என்ன இடிச்சிடுச்சுங்க.”

சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

டீச்சரும் கூண்டில் ஏறினார். நான்தான் இடித்தேன் என்றார். கம்பெனி வக்கீல், “மனுதாரர் மேல் உங்களுக்கு இரக்கம் உண்டுதானே?” என்று கேட்டார். உண்டு என்றார். “அந்த இரக்கத்துலதான் இப்படிச் சொல்றீங்க.” டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் உண்மை சொல்லச் சொல்ல அது உதவி செய்வது போலவே இருந்தது. வழக்கறிஞர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாய்தாவில் ரயில்வே சார் வந்தார். ஒரு கையில் நோட்டு, மறு கையில் பிளாஸ்டிக் பை.

“விபத்தை நேர்ல பாத்தீங்களா?” என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

“பால்கனில நின்னுகிட்டு என் சட்டைய பாத்துட்டிருந்தேன். எட்டு மணிக்குத் தரேன்னு சொன்னது. எட்டு நாப்பது ஆயிடுச்சு.”

“சட்டையத்தான் பாத்தீங்க. மனுதாரரைப் பாக்கல.”

“சட்டைக்குக் கீழதான் அவர் இருந்தார்.”

“நீங்க மனுதாரருக்கு வேண்டியவர்.”

“நானா?” ரயில்வே சாருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “அவர் கரிப்புகை பத்தி நாலு புகார் எழுதியிருக்கேன். பக்கம் காட்டட்டுமா? இந்தச் சட்டைக்கு அவரும் பதில் சொல்லல, அந்தம்மாவும் பதில் சொல்லல. ரெண்டு பேர் மேலயும் எனக்கு வருத்தம்தான்.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சார் உட்காரவில்லை. பையிலிருந்து சட்டையை எடுத்து விரித்தார். முதுகில் குறுக்காக டயர் அச்சு, துவைக்காமல் வைத்திருந்ததால் தெளிவாக இருந்தது.

“ஐயா, இதுக்குப் பொறுப்பு யாருன்னும் சேத்து சொல்லிடுங்க.”

“அது இந்த வழக்குல இல்ல” என்றார் நீதிபதி.

“தனியா போடணுமா?”

“நோட்டை மட்டும் கொடுத்துட்டுப் போங்க.”

திரும்பும் ரயிலில் நான், மனைவி, டீச்சர், ரயில்வே சார் நால்வரும் ஒரே பெட்டியில் வந்தோம். ரயில்வே சார் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் சட்டை வைத்த பிளாஸ்டிக் பை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் டீச்சர் தன் ஆரஞ்சில் பாதியை அவருக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு நான்கு மாதம் கழித்து வந்தது. ஸ்கூட்டர் இடித்ததால்தான் காயம் என்று நோட்டை வைத்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்க வேண்டும். தொகையை இங்கே எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள், உறவுக்காரர்கள் படிப்பார்களாம். ஆட்களுக்கான கேட் இருக்கும்போது வலது பக்கம் மறைய மூட்டையைச் சுமந்துகொண்டு வண்டிச் சரிவில் நடந்ததால், விபத்தில் பத்தில் ஒரு பங்கு என்னுடைய தவறு என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றார் வழக்கறிஞர். நான் வேண்டாம் என்றேன். மருத்துவமனையில் நான் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு உண்மைதான் என்று ஆகிவிட்டது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கம்பெனியிடமிருந்து பணம் வந்ததால், மனைவி சேலைகளை உதறிக் கொடுப்பதற்காக இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டாள். அவள் உதறி விரிப்பாள், நான் இடது கையால் தேய்ப்பேன். டீச்சருடைய மயில் பெட்ஷீட் மறுபடி வருகிறது. ரயில்வே சார் நான்கு சட்டைகளுக்கு இன்னும் பதில் எதிர்பார்க்கிறார். பழைய நோட்டு நீதிமன்றத்தில் தங்கிவிட்டதால் சங்கம் புதிது வாங்கியது. அதன் முதல் புகார், பழைய நோட்டு திரும்பி வராதது பற்றி.

போன மாதம் கையில் குத்தல் அதிகமானது. தகட்டைப் பார்க்க வேண்டும் என்று அதே மருத்துவமனைக்குப் போனேன். மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் டீச்சர் துணைக்கு வந்தார். டாக்டர் புதியவர், அதே மாதிரி இளைஞர். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் முறைக்காக நின்றிருந்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எப்படி அடிபட்டுது?”

டீச்சர் யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய் நின்றார்.

“ஸ்கூட்டர் இடிச்சுது சார்” என்றேன். “அதோ நிக்கிறாங்களே, அவங்கதான் ஓட்டிகினு வந்தாங்கோ. பத்துல ஒரு பங்கு நான்.”

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். டீச்சர் அங்கிருந்தே ஆமாம் என்று தலையாட்டினார்.